விரால் மீன் எங்கே ஒளிந்திருக்கும்? குளம், கிணறு, ஆறு... பிடிப்பது எப்படி, எப்போது தொடக்கூடாது? முழு விவரம்

கார்த்திகை மழை ஓய்ந்து குளத்துத் தண்ணீர் கொஞ்சம் தெளிய ஆரம்பித்தால் போதும், கரையில் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருக்கும் மேலநீலிதநல்லூர் பக்கமும் இதற்கு விலக்கல்ல. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இந்தப் பகுதியில் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் குளங்களை நிரப்பணும். நிரம்பிய குளமும் சித்திரை, வைகாசிக்குள் பெரும்பாலும் வற்றிப்போகும்.

இப்படிப்பட்ட தண்ணீரில் தாக்குப்பிடிக்கும் வேட்டை மீன் ஒன்று உண்டு. அதுதான் விரால். வரால் என்றும் சொல்வார்கள். கெண்டை, கட்லா எல்லாம் வலையில் அள்ளுகிற மீன். விரால் அப்படி இல்லை, தேடிப் பிடிக்கணும். எங்கே தேடுவது, எந்த இரைக்கு வரும் என்பதோடு, எந்த நேரத்தில் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால்தான் அடுத்த வருஷமும் அந்தக் குளத்தில் விரால் இருக்கும்.

விரால் எப்படிப்பட்ட மீன்?

பாம்புத் தலை மாதிரி தட்டையான தலை, உருளையான நீள உடம்பு, முதுகில் கரும்பச்சை, வயிறு வெளுப்பு, வாய் நிறைய பல். 1793-ல் ஜெர்மன் அறிஞர் பிளாக் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இப்போது அது சன்னா ஸ்ட்ரையாட்டா என்று அழைக்கப்படுகிறது. ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது என்றாலும் குளத்துத் தூண்டிலில் அவ்வளவு பெரிசு கிடைப்பது அபூர்வம். முழங்கை நீளம் கிடைத்தாலே நல்ல மீன்தான்.

இதற்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் இரண்டு பேரை அடிக்கடி பார்க்கலாம். உடம்பில் புள்ளிகளோடு சின்னதாக இருப்பது குரவை. வால் பக்கம் கண் மாதிரி ஒரு வட்டப் பொட்டு வைத்திருப்பது பூவிரால். பூவிரால் ஆறு, அணை மாதிரி ஆழமான தண்ணீரை விரும்பும். சாதா விராலுக்குக் கலங்கல், பாசி, சேறு எதுவானாலும் சரி.

விராலின் முக்கியமான சங்கதி அதன் மூச்சு. செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள தனி அறை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மட்டும் அதற்குப் போதாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆகணும். மேலே வர முடியாதபடி வலையில் சிக்கிக்கொண்டால், சுத்தமான தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் சிரிப்பு வரும், ஆனால் விராலுக்கு அது நிஜம்.

மற்ற மீன் செத்து மிதக்கும் சாக்கடைத் தண்ணீரிலும் விரால் உயிரோடு இருப்பதற்கு இந்த அறைதான் காரணம். தூண்டில்காரருக்கு அது இருக்கும் இடம் தெரிவதும் இதனால்தான்.

தண்ணீரில் விரால் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தூண்டிலை எடுப்பதற்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிஷம் கரையில் சும்மா உட்காரணும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

விரால் காற்று குடிக்க வரும்போது ஒரே ஒரு தடவை மேலே வரும். வாய் மட்டும் தெரியும், ‘டொபுக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்ட அலை, சில சமயம் இரண்டு மூன்று குமிழி. அவ்வளவுதான், மறைந்துவிடும். விடியற்காலையில் கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயை வாயைத் திறப்பதைப் பார்த்து விரால் என்று ஏமாறக்கூடாது. அது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததால் வரும் தவிப்பு. விரால் அப்படி மேலேயே நிற்காது. அதேபோல் ஜிலேபி கெண்டை கரையோரம் துள்ளும் சத்தமும் வேறு.

ஒரே இடத்தில் இரண்டாவது முறையும் வட்டம் விழுந்தால் அங்கே ஒரு விரால் குடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது துரத்தி வேட்டையாடும் மீன் இல்லை. ஒளிந்திருந்து பாய்கிற ஜாதி. அதனால் நடுக்குளத்தில் வெட்டவெளியில் தேடுவது வீண்.

குளத்தில் எந்த இடம்?

நிரம்பிய குளத்தில் ஆம்பல், அல்லி இலைகளின் ஓரம், கோரைப் புல்லும் சம்பும் தண்ணீரைத் தொடும் இடம், மூழ்கிய சீமைக்கருவேல மரத்தின் அடி. இந்த மூன்றிலும் விரால் இருக்கும். தென்மாவட்டக் குளங்களில் கடைசி இடம்தான் அதிகம். குளத்துக்கு உள்ளேயே கருவேலம் மண்டிக்கிடப்பதால் மழைக்குப் பிறகு அது மீனுக்கு வீடாகிவிடுகிறது. தூண்டில் முள்ளுக்கு அது எமன், அது வேறு விஷயம்.

குளம் பெருகி மறுகால் பாயும் நாட்களில் மீன் இடம் மாறும். புதுத் தண்ணீரின் வாடை கிடைத்ததும் விரால் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். மறுகாலுக்குக் கீழே தேங்கிய குட்டை, வரத்துக்கால் குளத்தில் சேரும் முனை, மடை வாய் ஆகியவற்றில் அப்போது கிடைக்கும். ஈரமான புல்தரையில் நெளிந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போவதும் உண்டு. இதுவரை மீனே இல்லாத பள்ளத்தில் திடீரென்று விரால் கிடைத்தால் யாரும் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

தை, மாசியில் தண்ணீர் இறங்க இறங்க மீன் ஒதுங்கும் இடமும் சுருங்கும். தூண்டிலுக்கு நல்ல காலம் இதுதான். அதிகாலையும் சாயங்காலமும் சரியான நேரம். மேகமூட்டமான நாளில் மத்தியானமும் கடிக்கும். உச்சி வெயிலில் இலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கிணறு, ஆறு, அணை: என்ன வித்தியாசம்?

வானம் பார்த்த பூமியில் பாசனக் கிணறுகளும் விராலுக்கு ஒரு வீடு. விவசாயிகளே நாலு குஞ்சுகளைப் பிடித்துக் கிணற்றில் விடுவது பழைய பழக்கம். குளம் வற்றினாலும் கிணற்று விரால் பிழைத்துவிடும். கிணற்றில் ஒளிவிடம் குறைவு, கல் இடுக்குதான் வீடு. அதனால் சுவரை ஒட்டி இரையை இறக்கணும். ஆள் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் மேலே வரவே வராது. பிடிக்கிற ஆர்வத்தில் படி இல்லாத கிணற்றின் விளிம்பில் குனிவதும், சிறுவர்களைத் தனியாக அனுப்புவதும் உயிருக்கு ஆபத்து. கிணறு அடுத்தவர் சொத்து என்பதால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போகணும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தாமிரபரணி, சிற்றாறு மாதிரி ஓடும் ஆற்றில் வேகமான நீரோட்டத்தில் விரால் நிற்காது. வளைவில் தேங்கும் மடு, கரையோர மர வேர், அமலை மண்டிய ஓரம், பாலத்துக்கு அடியில் இருக்கும் பள்ளம் ஆகியவற்றைப் பார்க்கணும். ஆற்றுப் பாசன வயல்களிலும் வாய்க்கால்களிலும் சின்ன விராலும் குரவையும் கிடைக்கும். பூச்சிமருந்து அடித்து சில நாட்களே ஆன வயலில் பிடித்த மீனைச் சமைக்காமல் இருப்பது நல்லது.

அணைகளில் மீன்பிடிக்க அனுமதி வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வரும் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தூண்டில் போடுவது வனச் சட்டப்படி சிக்கலில் கொண்டுபோய் விடும். அங்கே ஆசைப்படாமல் இருப்பதே மேல்.

எந்த இரை, எந்தத் தூண்டில்?

சின்ன விரால் மண்புழுவுக்கும் வரும். பெரிசுக்கு அசைகிற இரை வேணும். உயிருள்ள கெண்டைக் குஞ்சு, இறால், தவளை ஆகியவை பழைய ஆட்களின் தேர்வு. கோழிக்குடலைக் கட்டி இரவில் கரையோரம் குத்திவைத்து, விடியற்காலையில் வந்து எடுப்பவர்களும் உண்டு.

இப்போது இளைஞர்கள் கையில் ரீல் வைத்த ராடும் ரப்பர் தவளையும் வந்துவிட்டன. ரப்பர் தவளையில் ஒரு வசதி, முள் இரண்டும் முதுகை ஒட்டி இருப்பதால் இலையில் மாட்டாது. ஆம்பல் இலை மேலேயே வீசி, மெதுவாக இழுத்து, இலைகளுக்கு நடுவே இடைவெளி வந்ததும் ஒரு நொடி நிறுத்தணும். பாய்ச்சல் பெரும்பாலும் அந்த நொடியில்தான். உயிர்த்தவளையை விட்டுவைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வயலில் பூச்சியைத் தின்பது அதுதான். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

நரம்பு 0.40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய நரம்பை வைத்துக்கொண்டு கருவேல மரத்தடியில் விராலோடு மல்லுக்கட்ட முடியாது. மூங்கில் கம்பு என்றால் தடிப்பாக, குட்டையாக இருப்பது நல்லது.

கடித்ததும் இழுக்கலாமா?

கூடாது. புதுசாகப் பிடிப்பவர்கள் விராலை இழப்பது இங்கேதான். தண்ணீர் வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டதும் பதறி இழுத்தால் இரை மட்டும் கையோடு வரும். விரால் முதலில் இரையைக் கவ்வும், பிறகு திருப்பி விழுங்கும். ரப்பர் தவளையில் ஒன்றிரண்டு நொடி பொறுத்து, கனம் கைக்குத் தெரிந்த பிறகு சுண்டணும். உயிர் இரையில் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மாட்டியதும் அது நேராகச் செடிக்குள்தான் ஓடும். இதை இன்றைய தூண்டில்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 36-வது பாட்டில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. தூண்டில் இரையை விழுங்கிய பெரிய வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடியைக் கலக்கி, இழுப்பவன் கைக்கு வராமல் கயிற்றில் கட்டிய முரட்டுக் காளை போலக் குளத்தை உழக்குகிறது. இரண்டாயிரம் வருஷத்தில் நரம்பும் முள்ளும்தான் மாறியிருக்கின்றன. அதனால் முதல் சில நொடி நரம்பைத் தளர்த்தவே கூடாது, மீனின் தலையை மேலே தூக்கியே வைத்திருக்கணும்.

கரைக்கு வந்த பிறகும் கவனம் தேவை. வழுக்கும், துள்ளும், பல் கீறும். ஈரச் சாக்கால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, முள்ளை வெளியே எடுக்க ஒரு குறடு வைத்துக்கொள்வது நல்லது.

யூடியூப்பில் வரும் ‘பைக்’ மீனும் விராலும் ஒன்றா?

இல்லை. மீன்பிடி வீடியோக்களில் வரும் பைக், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் குளிர்நீர் மீன். தமிழ்நாட்டுக் குளங்களில் அது கிடையாது. ஒளிந்திருந்து பாய்வது, செடியோரம் நிற்பது ஆகியவற்றில் மட்டும் இரண்டும் ஒரே மாதிரி. அந்த வீடியோக்களில் சொல்லும் உத்திகள் பாதி இங்கேயும் பலிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பைக் செடிகளில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. விரால் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும்.

எப்போது விராலைத் தொடக்கூடாது?

புதுத் தண்ணீர் வந்த பிறகு ஜோடி விரால்கள் செடிகளுக்கு நடுவே கொஞ்சம் இடத்தைச் சுத்தம் பண்ணி வைக்கும். முட்டை மிதக்கும், மஞ்சள் கலந்த தேன் நிறத்தில் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்து மாதிரி ஒன்றாகத் திரியும். அவையும் காற்று குடிக்க மேலே வருவதால், அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். தாய், தகப்பன் அந்தப் பந்துக்குக் கீழேயே சுற்றும். வாரக்கணக்கில் இந்தக் காவல் நடக்கும்.

அனுபவமுள்ள எந்தத் தூண்டில்காரருக்கும் இது தெரியும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை இரண்டு தடவை வீசினால் போதும், பெரிய விரால் நிச்சயம் பாயும். பசியில் இல்லை, குஞ்சுக்கு எதிரி வந்துவிட்டது என்ற கோபத்தில். வருஷத்திலேயே ரொம்ப எளிதாகப் பெரிய மீன் கிடைக்கும் நேரம் இது. அதனால்தான் இந்த நேரத்தில் நிறையப் பேர் கை வைக்கிறார்கள்.

பிறகு நடப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காவல் போனதும் ஜிலேபி கெண்டை, மற்ற மீன், தண்ணீர்ப்பாம்பு, நீர்க்காகம் எல்லாம் பந்தைத் தாக்கும். நூற்றுக்கணக்கான குஞ்சு சில மணி நேரத்தில் சிதறிவிடும். ஒரு மீன் குழம்புக்கு ஒரு தலைமுறையே போகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பைக் முட்டையிடும் வசந்த காலத்தில் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. நம்ம ஊர்க் குளக்கரையில் அப்படி ஒரு பலகை வைத்திருப்பதைப் பார்க்க முடியாது. தூண்டில் போடுபவரின் கண்தான் தடை.

விரால் போனால் குளத்துக்கு என்ன நஷ்டம்? 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி இன்று எந்தக் குளத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் குஞ்சுகளைத் தின்று அடக்கி வைக்கும் உள்ளூர் வேட்டைக்காரர்களில் விரால் முக்கியமானது. கட்லா, ரோகு குஞ்சு விட்டிருக்கும் குத்தகைதாரருக்கு மட்டும் விரால் திருடன் மாதிரி. அவர் பணம் போட்டு வாங்கிய குஞ்சையும் அது விடாது என்பதால் அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு.

இடம் மாறினால் விராலின் குணம் எப்படிப் பார்க்கப்படும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2002-ல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் ஊர்க் குளம் ஒன்றில் சீனாவைச் சேர்ந்த விரால் வகை கண்டுபிடிக்கப்பட்டதும் குளத்துக்கு மருந்தடித்து மீனையெல்லாம் அழித்தார்கள். விரால் குடும்பத்தையே இறக்குமதி செய்யத் தடை வந்தது. நேர்மாறாக, தெலங்கானாவில் ‘கொர்ரமீனு’ என்ற பெயரில் விரால்தான் மாநில மீன்.

குளத்தில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா?

பெரும்பாலான குளங்களில் மீன்பாசி குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவருக்கே மீன் சொந்தம். ஒற்றைத் தூண்டிலைக் கண்டுகொள்ளாத குத்தகைதாரர் உண்டு, விரட்டுபவரும் உண்டு. குளம் யார் பொறுப்பில் இருக்கிறது, குத்தகை ஓடுகிறதா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் தகராறு வராது.

வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. மோட்டார் கரண்ட்டைத் தண்ணீரில் விடுவது அதைவிட மோசம். குஞ்சோடு சேர்த்து எல்லாம் சாகும், பிடிக்கப்போன ஆளும் சாகலாம்.

வற்றும் குளமும் நோய் வந்த மீனும்

கோடையில் குளம் கணுக்கால் ஆழத்துக்கு வந்ததும் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துணியை வீசியதும் ஊரே ஊத்தா, கச்சா, வலையோடு கண்மாய்க்குள் இறங்கும். மூங்கிலில் பின்னிய, அடியும் மேலும் திறந்த கூடைதான் ஊத்தா. சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனைத் துழாவுவார்கள். விராலுக்கு இதைவிடச் சரியான கருவி இல்லை.

அந்தக் கையிலும் சிக்காதது சேற்றுக்குள் போய்விடும். மேல்மண் காய்ந்து வெடித்தாலும் அடியில் ஈரம் இருக்கும் வரை விரால் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். அடுத்த மழைக்குக் குளத்தில் முதலில் தலைகாட்டும் விரால் இப்படித் தப்பியதாகவோ, பக்கத்துக் கிணற்றிலோ பள்ளத்திலோ பிழைத்துக் கிடந்ததாகவோ இருக்கும்.

மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், மார்கழி, தை சமயம், உடம்பில் சிவந்த புண்ணோடு விரால் கிடைத்தால் கவனம். 1980-களின் இறுதியில் இந்தியாவுக்குள் வந்த புண் நோய் அது. ஒரு வகைப் பூஞ்சைக் கிருமியால் வருவது. விரால் இனத்தைத்தான் அதிகமாகத் தாக்கும். அப்படிப்பட்ட மீனைச் சமைக்கவும் வேண்டாம், வேறு குளத்திலோ கிணற்றிலோ விடவும் வேண்டாம். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் தகவல் சொன்னால் தண்ணீரைப் பார்த்துச் சுண்ணாம்பு இடுவது மாதிரியான யோசனை கிடைக்கும்.

நல்ல மீனை வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் தேவையில்லை. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். சந்தையில் விராலை அண்டாவில் உயிரோடு வைத்து விற்பதும், செத்த விராலுக்கு விலை இறங்கிவிடுவதும் இதனால்தான். மூடி போட்ட பக்கெட்டில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோனால் மட்டும் வீடு போவதற்குள் செத்துவிடும், காற்று குடிக்க இடமில்லாமல்.